ஸ்பானிஷில் ‘பேசிக்கொண்டிருந்தேன்’: ஓர் இடைநிலையின் வரலாறு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலைக்கு நடுவில் படிக்காமல், இரவு சாப்பாடு முடிந்து நிதானமாகப் படியுங்கள்.

டெக்சாஸில் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள். ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் நானும் அவளோடு சேர்ந்து இரண்டு வருடமாக எழுத்துக்கூட்டி வருகிறேன். இந்த மாதம் அவர்களுக்கு இறந்தகாலப் பாடம். ஆப்லார் என்றால் பேசுதல். ஆப்லாபா என்றால் பேசிக்கொண்டிருந்தேன். கொமேர் என்றால் சாப்பிடுதல். கொமீயா என்றால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “ஆச்சி, ஒண்ணுல ‘பா’ வருது, இன்னொண்ணுல ஏன் வரல?” என்று கேட்டாள். பாடப்புத்தகம் காரணம் சொல்லவில்லை. இவை ஒழுங்கான வினைகள், அட்டவணையை மனப்பாடம் செய் என்பதோடு முடித்துக்கொள்கிறது. பிள்ளை கேட்டதோ நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் ரோமாபுரி வரைக்கும் போக வேண்டியிருந்தது.

முதலில் அட்டவணையைச் சொல்லிவிடுகிறேன். நான், நீ, அவன் (அல்லது அவள்), நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் வாய்விட்டுப் படியுங்கள்.

ஆப்லாபா, ஆப்லாபாஸ், ஆப்லாபா, ஆப்லாபாமோஸ், ஆப்லாபைஸ், ஆப்லாபான்.

கொமீயா, கொமீயாஸ், கொமீயா, கொமீயாமோஸ், கொமீயைஸ், கொமீயான்.

ஸ்பானிஷ் வினைச்சொற்கள் ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ என்று மூன்று விதமாக முடியும். ‘ஆர்’ கூட்டத்துக்கு முதல் வரிசை. ‘ஏர்’, ‘ஈர்’ இரண்டுக்கும் இரண்டாம் வரிசையே. பிபீர் என்றால் வாழ்தல், அது பிபீயா ஆகும்.

பகுபத உறுப்பிலக்கணம் நினைவிருக்கிறதா? பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று கரும்பலகையில் கட்டம் போட்டுப் பிரிப்போமே! அதே கட்டத்தை இங்கேயும் போடலாம். ஆப்லா + பா + மோஸ். ‘ஆப்லா’ பகுதி, ‘பா’ காலம் காட்டும் இடைநிலை, ‘மோஸ்’ நாம் என்பதைக் காட்டும் விகுதி. தமிழில் இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலை படித்தோம். ஸ்பானிஷ்காரர்களின் இந்த இறந்தகாலத்துக்கு இரண்டே இரண்டுதான்: ‘பா’, ‘ஈயா’. நம் பிள்ளைகளுக்கு இதை ஆங்கில வழியில் சொல்வதைவிடத் தமிழ் வழியில் சொன்னால் சீக்கிரம் பிடிபடும் என்பது என் கட்சி.

பொருளும் அப்படித்தான். ஸ்பானிஷில் ‘ஆப்லே’ என்றால் பேசினேன், விஷயம் முடிந்தது. ‘ஆப்லாபா’ என்றால் பேச்சு நடந்துகொண்டிருந்தது, எப்போது முடிந்தது என்று சொல்லவில்லை. இதே வடிவம் பழக்கத்தையும் சொல்லும். “அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் விடியுமுன்னே ஆற்றுக்குப் போவார்கள்” என்கிறோம். போவார்கள் என்பது எதிர்கால வடிவம். ஆனால் நாம் சொல்வது பழங்கதை. இந்தப் ‘போவார்கள்’, அந்தப் ‘பேசிக்கொண்டிருந்தேன்’ இரண்டையும் ஸ்பானிஷ் ஒரே வடிவத்தில் அடக்கிவிடுகிறது. அவ்வளவுதான் பாடம். இனிக் கதை.

ஸ்பானிஷ், லத்தீனின் மகள். லத்தீனில் ‘நேசித்துக்கொண்டிருந்தேன்’ என்பது அமாபாம். ‘வைத்திருந்தேன்’ என்பது ஹபேபாம். ‘கேட்டுக்கொண்டிருந்தேன்’ என்பது அவுதியேபாம். கவனித்தீர்களா, எல்லாவற்றிலும் ‘பா’ இருக்கிறது! ஆக, பேத்தியின் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். ‘பா’ எங்கிருந்து வந்தது என்பதல்ல கேள்வி. கொமீயாவில் இருந்த ‘பா’ எங்கே போனது என்பதுதான்.

அதற்கு முன் இன்னும் ஒரு படி பின்னால் போகலாம். லத்தீனுக்கே அந்தப் ‘பா’ எப்படி வந்தது? ‘இருத்தல், ஆதல்’ என்று பொருள்படும் மிகப் பழைய வேர்ச்சொல் ஒன்று வினையோடு ஒட்டி, நாளடைவில் தேய்ந்து ‘பா’ ஆனது என்பது மொழி வரலாற்று அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. அதே வேர்தான் சமஸ்கிருதத்தில் ‘பூ’, ‘பவ’ என்று நிற்கிறது. நாம் தினமும் சொல்லும் அனுபவம், சம்பவம் இரண்டிலும் அந்தப் ‘பவ’ இருக்கிறது. இப்போது ‘பேசிக்கொண்டிருந்தேன்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். அதிலும் ‘இரு’ என்ற வினைதான் துணைக்கு வந்து நிற்கிறது. இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது, ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்ததும் கிடையாது. ஆனாலும் முடியாத செயலைச் சொல்ல இரண்டும் ‘இருத்தல்’ என்ற வினையைத்தான் கூப்பிட்டிருக்கின்றன. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

சரி, ‘பா’ தொலைந்த கதைக்கு வருவோம்.

ரோமப் பேரரசு தளர்ந்த பிறகு ஸ்பெயினில் சந்தையிலும் வயலிலும் பேசப்பட்ட லத்தீன் மாறிக்கொண்டே வந்தது. இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும் ‘ப’ ஒலி இளகியது. அபாயம் என்ற சொல்லை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், உதடு முழுதாக ஒட்டாது. ஏறத்தாழ அந்த ஒலி. ஹபேபாம் போன்ற சொற்களில் அடுத்தடுத்து இரண்டு ‘ப’. குடித்தல், வாழ்தல், கடன்படுதல் ஆகிய வினைகளிலும் இதே நிலை. இவையெல்லாம் வாயிலிருந்து ஓயாமல் வந்துவிழும் சொற்கள். நாக்குக்கு அலுப்பு. ஒரே ஒலி இருமுறை வரும்போது ஒன்றை விழுங்கிவிடுவது எல்லா ஊர் நாக்குக்கும் உள்ள குணம். இரண்டாவது ‘ப’ உதிர்ந்து ஹபேபாம் ‘அபேஆ’ போல ஆகி, பிறகு ‘அபீயா’ ஆனது. அதைப் பார்த்து மற்ற ‘ஏர்’, ‘ஈர்’ வினைகளும் அதே வழியில் போயின. பெரும்பாலான அறிஞர்கள் தரும் விளக்கம் இது. ‘ஆர்’ கூட்டத்தில் அப்படி நெருக்கடி இல்லாததால் அங்கே ‘பா’ தங்கிவிட்டது.

பக்கத்து வீடுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இத்தாலி மொழியில் ‘வ’ ஒலியாக மாறினாலும் மூன்று கூட்டத்திலும் அது இருக்கிறது. ஸ்பெயினுக்குள்ளேயே, பிரனீஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் பேசப்படும் அரகோனியம் என்ற சிறு மொழி, தெனேபா, தோர்மீபா என்று எல்லாவற்றிலும் ‘பா’வை விடாமல் வைத்திருக்கிறது. ஸ்பானிஷில் அவை தெனீயா, தோர்மீயா. பள்ளிக்கூடம் போன மொழி தொலைத்ததை மலையில் இருந்த மொழி பத்திரமாக வைத்திருக்கிறது.

இதோடு மாற்றம் நின்றதா என்றால் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில், பத்தாம் அல்ஃபோன்சோ அரசர் (ஆட்சி 1252 முதல் 1284 வரை) சட்டம், வரலாறு, வானநூல் என்று எல்லாவற்றையும் லத்தீனை விட்டுக் காஸ்டிலிய மொழியில் எழுத வைத்த காலத்தில், ‘நான் வைத்திருந்தேன்’ என்பது தெனீயா. ‘அவன் வைத்திருந்தான்’ என்பது தெனியே. நீ, நாம், அவர்கள் எல்லாருக்கும் ‘இயே’ வரிசை. நானுக்கு மட்டும் ‘ஈயா’. அடுத்த இருநூறு ஆண்டுகளில் ‘இயே’ மெல்ல மறைந்து, பழைய ‘ஈயா’ எல்லா இடத்தையும் பிடித்தது.

எனக்கு இதில் சிறு வருத்தம் உண்டு. லத்தீனில் நானுக்கு ஈற்றில் ‘ம்’, அவனுக்கு ஈற்றில் ‘த்’ இருந்தன. இரண்டும் தேய்ந்துபோனதால் இன்று ஆப்லாபா என்றால் நானா, அவனா, அவளா என்று தெரியாது. பெயரையோ சுட்டையோ முன்னால் சேர்க்க வேண்டியிருக்கிறது. ‘ஏர்’, ‘ஈர்’ வினைகளிலாவது நானையும் அவனையும் பிரித்துக் காட்ட ஒரு வழி கையில் இருந்தது. அதையும் மொழி விட்டுவிட்டது. ஏன், ஆன், ஆள், ஆர் என்று விகுதியிலேயே ஆளை அடையாளம் காட்டும் நம் மொழியில் பழகியவர்களுக்கு இது கை உடைந்த மாதிரி இருக்கும்.

அழுத்தமும் இடம் மாறியது. லத்தீனில் ‘நாம் நேசித்துக்கொண்டிருந்தோம்’ என்பது அமாபாமுஸ், அழுத்தம் ‘பா’வில். இத்தாலியர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்பானிஷ்காரர்களோ மற்ற பெரும்பாலான வடிவங்களில் அழுத்தம் ‘மா’வில் இருக்க, இது ஏன் விலகி நிற்க வேண்டும் என்பதுபோல் இதையும் ‘மா’வுக்கு இழுத்துக்கொண்டார்கள். பேத்தி இன்று அந்த ஓர் இடத்தில் மறக்காமல் மேலே ஒரு கோடு போடுகிறாளே, அது இந்த இழுப்பின் அடையாளம். அட்டவணையின் ‘ஒழுங்கு’ பிறவியிலேயே வந்ததல்ல. கொஞ்சம் உதிர்ந்து, கொஞ்சம் ஒட்டுப் போட்டு, கொஞ்சம் இழுத்துக் கட்டிச் செய்தது.

இனி, இந்த வடிவங்களைப் பிடித்து ஏட்டில் எழுதியவர்கள் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாமவர் அந்தோனியோ தே நெப்ரிஹா. அவருடைய காஸ்டிலிய மொழி இலக்கணம் 1492 ஆகஸ்ட் 18 அன்று சலமன்காவில் அச்சாகி முடிந்தது. கொலம்பஸ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. நூலின் முன்னுரையிலேயே நெப்ரிஹா ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். மாதிரியைப் பார்த்த இசபெல் அரசி, இதனால் என்ன பயன் என்று கேட்டார். உடனிருந்த ஆவிலா நகர ஆயர் முந்திக்கொண்டு, அரசி வெல்லப்போகும் மக்கள் வென்றவரின் சட்டத்தையும் மொழியையும் ஏற்றாக வேண்டும், அதற்கு இது உதவும் என்று பதில் சொன்னார். மொழி எப்போதும் பேரரசின் துணையாகவே நடந்தது என்று நெப்ரிஹாவும் எழுதிவைத்தார்.

அந்த நூலின் ஐந்தாம் பகுதி, அந்நிய மொழிக்காரர்கள் காஸ்டிலியம் கற்பதற்கென்றே எழுதப்பட்டது. வினை வாய்பாடுகள் அங்கேதான் இருக்கின்றன. பிள்ளைகள் இன்று ஒப்பிக்கும் அட்டவணையின் பாட்டன் அதுதான். நம் காலத்துக்கு நெப்ரிஹா வைத்த பெயரின் பொருள் ‘முடிந்துவிடாத இறந்தகாலம்’. ரோமாபுரி அறிஞர் வர்ரோ காலத்திலிருந்தே லத்தீன் வினைகளை ‘செய்து முடித்தது’, ‘செய்து முடியாதது’ என்று பிரிப்பார்கள்; அதைத் தம் மொழியில் அழகாகச் சொன்னார். பிற்காலத்தில் லத்தீன் சொல்லே வென்று ‘இம்பெர்ஃபெக்தோ’ ஆனது. ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் இதைக் ‘குறையுள்ள காலம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். குறை ஒன்றும் இல்லை. முற்றுப்பெறவில்லை, அவ்வளவுதான்.

நெப்ரிஹாவின் கூர்மைக்கு இன்னொரு சான்று. ‘பேசுவேன்’ என்று நிபந்தனையாகச் சொல்லும் ஆப்லாரீயா என்ற வடிவம் எப்படி வந்தது என்று அவர் பிரித்துக் காட்டினார். ‘ஆப்லார்’ என்ற முழு வினையோடு, ‘வைத்திருந்தேன்’ என்று சற்றுமுன் பார்த்த வினையின் வால் ‘ஈயா’ ஒட்டியிருக்கிறது. பழைய நூல்களில் இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சிறு சொல் புகுந்து நிற்பதைக்கூடக் காணலாம். ஸ்பானிஷ் கற்கும் பிள்ளைகளே, ‘ஈயா’ வரிசையை ஒழுங்காகப் படித்துவிட்டால் இன்னொரு பாடம் இலவசம்!

இத்தனை சிறந்த நூல், 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மறுபதிப்பே காணவில்லை. அவருடைய லத்தீன் பாடநூல்தான் விற்றுத் தள்ளியது. இருந்தாலும் ஐரோப்பியர் போன இடமெல்லாம் லத்தீன் சட்டத்துக்குள் ஊர் மொழிகளைப் பொருத்தி இலக்கணம் எழுதும் வழக்கம் பரவியது. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் இருந்த ஹென்றிக் ஹென்றிக்ஸ் பாதிரியார் 1549-ஐ ஒட்டி போர்த்துகீசிய மொழியில் தமிழுக்கு எழுதிய இலக்கணமும் அந்த வகைதான். தம்பிரான் வணக்கம் அச்சிட்டாரே, அவரேதான்.

ஒரு துணைச் செய்தி. நெப்ரிஹா காலத்தில் இந்தப் ‘பா’வை ஆங்கிலத்தின் ‘வீ’ எழுத்தில்தான் எழுதினார்கள். ஒலி இளகிவிட்டதால் ‘பீ’ எழுத்தா, ‘வீ’ எழுத்தா என்ற குழப்பம் நெடுநாள் இருந்தது. 1713-இல் தோன்றிய ஸ்பானிஷ் அரச கழகம்தான், தன் பெரிய அகராதியை 1726 முதல் வெளியிடத் தொடங்கியபோது, லத்தீனில் எப்படி இருந்ததோ அப்படி எழுதுவது என்ற விதியை வைத்தது. அதன்பின் ‘பீ’ திரும்பி வந்தது. ஆக, பேத்தி எழுதும் எழுத்து முந்நூறு வருடத்துக்குள் வந்தது. அது குறிக்கும் ஒலி இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையது.

இரண்டாமவர் அந்திரேஸ் பெல்லோ. இவரைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை அதிகம். 1781-இல் கராகஸில் பிறந்தவர். இளைஞராக இருந்தபோது, தம்மைவிட இரண்டு வயதே இளைய சிமோன் பொலிவாருக்குச் சிறிதுகாலம் பாடம் சொன்னவர். 1810-இல் லண்டன் போய் 19 ஆண்டுகள் வறுமையில் கழித்தார். 1829-இல் சிலி நாட்டுக்கு வந்து, அங்கே பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார், நாட்டின் உரிமையியல் சட்டத்தை எழுதினார், 1865-இல் அங்கேயே மறைந்தார். இத்தனை வேலைக்கு நடுவிலும் அவர் மனம் வினைச்சொல்லின் காலங்களை விடவில்லை. கராகஸிலேயே தொடங்கிய ஆராய்ச்சியை 1841-இல் வால்பராய்சோவில் வெளியிட்டார். 1847-இல் முழு இலக்கணம் வந்தது. அமெரிக்கக் கண்டத்து மக்களின் பயன்பாட்டுக்கு என்று அட்டையிலேயே போட்டார்.

நெப்ரிஹா அரசியிடம் நூலைக் கொடுத்தார். பெல்லோ அரசர்களை அனுப்பிவிட்டுப் புதிதாய்ப் பிறந்த குடியரசுகளின் பிள்ளைகளிடம் கொடுத்தார். ஆனால் அவருக்கு ஒரு பயம் இருந்தது. ரோமாபுரி விழுந்ததும் லத்தீன் உடைந்து ஒன்றுக்கொன்று புரியாத பல மொழிகளானது. ஸ்பெயினின் ஆட்சி உடைந்துவிட்டதே, ஸ்பானிஷும் அப்படி உடைந்தால் பிரிந்துகிடக்கும் இந்த நாடுகள் ஒன்றோடொன்று எந்த மொழியில் பேசும்? சட்டம், கல்வி, வாணிகம் என்னாவது? இலக்கணம் அவருக்கு அந்த அணையைக் கட்டும் கல்.

அதே நேரம், லத்தீன் சட்டையைக் காஸ்டிலியத்துக்கு மாட்டக்கூடாது, மொழியை அதன் சொந்த உடம்பில் பார் என்பதும் அவர் கொள்கை. ‘இம்பெர்ஃபெக்தோ’ என்ற பெயரை அவர் தள்ளிவிட்டுக் ‘கோபிரெத்தேரித்தோ’ என்று வைத்தார். உடன்நிகழ் இறந்தகாலம் என்று தமிழில் சொல்லலாம். “நீ வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது.” வந்தது ஒரு நிகழ்ச்சி, அதற்குப் பக்கத்தில், அதே நேரத்தில் மழை. மழை முடிந்ததா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. எதோடு சேர்ந்து நடந்தது என்பதுதான் பேச்சு. முப்பது வருடத்துக்கு மேல் வாய்பாடு சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பெயரில் பிள்ளைக்குப் பொருளைக் காட்டிக்கொடுப்பது பெல்லோ வைத்த பெயர்தான். மெக்சிகோவின் பள்ளிகளில் இன்றும் அந்தப் பெயரே வழங்குகிறது. அரச கழகம் 2009-இல் வெளியிடத் தொடங்கிய புதிய இலக்கணமும் தன் பெயருக்குப் பக்கத்தில் பெல்லோவின் பெயரையும் போடுகிறது.

பெல்லோவின் பயம் அவரோடு போகவில்லை. அவருடைய இலக்கணத்துக்குக் குறிப்புரை எழுதிய கொலம்பியர் ருஃபினோ ஹோசே குவெர்வோ, 1899-இல், ரோமாபுரியின் மகள்கள் பிரிந்ததுபோல நாமும் பிரியும் தறுவாயில் இருக்கிறோம் என்று எழுத, ஸ்பெயினின் நாவலாசிரியர் ஹுவான் வலேரா அதை மறுக்க, சில வருடங்கள் காரசாரமான விவாதம் நடந்தது. மொழி உடையவில்லை. நிகழ்காலத்தில் ‘நீ பேசுகிறாய்’ என்பதை மாட்ரிடில் ஒரு விதமாகவும் புவெனஸ் அயர்ஸில் வேறு விதமாகவும் சொல்கிறார்கள். நீ என்ற சொல்லே அங்கு வேறு. ஆனால் ‘நீ பேசிக்கொண்டிருந்தாய்’ என்றால் இரண்டு ஊரிலும் ஆப்லாபாஸ்தான்.

வேடிக்கை என்னவென்றால், பெல்லோ கட்டிய அணையில் கசிவு விழுந்தது அவர் வாழ்ந்த சிலி நாட்டிலேதான். ‘நீ’ என்பதற்கு அங்கே மக்கள் பேசிய ‘வோஸ்’ வழக்கைக் கொச்சை என்று கண்டித்து 1830-களிலேயே செய்தித்தாளில் எழுதினார், பள்ளிகள் வழியாக ஒழிக்கப் பார்த்தார். ‘வோஸ்’ என்ற சொல் அங்கே ஏறக்குறைய ஒடுங்கிவிட்டது. அதன் விகுதி ஒடுங்கவில்லை. இன்றும் சாந்தியாகோ தெருவில் நண்பர்கள் ஆப்லாபாய், கொமீயாய் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள், வகுப்பில் மட்டும் ஆப்லாபாஸ் என்று எழுதிவிட்டு. வகுப்பறைக்கும் தெருவுக்கும் நடக்கும் இந்த வழக்கில் யார் ஜெயிப்பார் என்பதை என்னிடம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘வந்திட்டிருந்தோம் டீச்சர்’ என்பீர்கள், ‘வந்துகொண்டிருந்தோம்’ என்று எழுதச் சொல்வேன்.

கடைசியாக, மனப்பாடத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு. இந்தக் காலத்தில் ஒழுங்கு மீறும் வினைகள் மொத்தம் மூன்றே மூன்று. இருத்தல் ‘ஏரா’ ஆகும், போதல் ‘ஈபா’ ஆகும். இரண்டும் லத்தீனில் இருந்தபடியே ஏறக்குறைய அப்படியே வந்தவை. மூன்றாவது பார்த்தல். அதன் வினைப்பெயர் ‘பேர்’, இறந்தகாலம் ‘பெஈயா’. நடுவில் அந்த ‘எ’ எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் முழிப்பார்கள். முன்பு அந்த வினையின் பெயர் ‘பெஎர்’ என்று இரண்டு உயிரோடு இருந்தது. ‘எர்’ரை எடுத்துவிட்டு ‘ஈயா’ போட்டால் பெஈயா, முழு ஒழுங்கு. பிறகு வினைப்பெயர் மட்டும் ‘பேர்’ என்று சுருங்கிவிட்டது. இறந்தகாலம் சுருங்காமல் பழைய வீட்டிலேயே இருக்கிறது.